கிப்லாப் பக்கம் பார்த்த டிஷ்

பாண்டிருப்புக் கோகிலனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது எங்கள் வீட்டு டிஷ்ஷால்தான். அப்படிச் சொன்னால் டிஷ் பாவம். என் புருசன் ஷரிபுதீனின் வாயால் என்று சொல்ல வேண்டும்.

அந்த மனுசனுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கடையில் நிறுத்துத் தந்த சீனியை வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு தரம் நிறுப்பார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் சலாம் சொன்னால், இவன் எதற்கு எனக்குச் சலாம் சொன்னான் என்று இறங்கும்வரை யோசிப்பார். மருதமுனையில் நெய்த சாரங்களைக் கல்முனைச் சந்தையில் விற்கிற வியாபாரி அவர். யாராவது பேரம் பேசாமல் ஒரு சாரத்தை வாங்கிப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். கல்முனைக்குடியில் என் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, என் வாப்பா பூட்டிவிட்டுப் போன கதவை எழும்பிப் போய் இழுத்துப் பார்த்தவர் இவர்.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது நோன்பு மாதம் அது. மூதூர்ப் பக்கம் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் தொடங்கி, ரோட்டில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். ஊரில் எல்லோருமே ஒருவரை ஒருவர் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அது புதுப் பழக்கம். இவருக்கு அது ஊரே தன் வழிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நோன்பில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மக்காவில் நடக்கும் தொழுகையை வீட்டில் இருந்தபடியே ரீவியில் பார்க்க வேண்டும். நல்ல ஆசைதான், நானும் விரும்பினேன். ஆனால் புது ரிசீவர் வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

"புதுசு எண்டு சொல்லி உள்ளுக்குப் பழசப் போட்டிரிப்பானுகள். பழசு எண்டு சொல்லியே விக்கிறவன் அதுல பொய் சொல்லேலா" என்றார்.

அப்படித் தேடிப் பிடித்தவர்தான் கோகிலன். கோமாரி என்கிற கடற்கரை ஊர் ஆள், தேங்காய் வியாபாரம் செய்தவர். கடல் அவருடைய வீட்டைக் கொண்டுபோய்விட்டது. அவரும் பெண்சாதி உசாந்தினியும் பாண்டிருப்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். சுனாமி வந்த நாளில் அவருடைய ரிசீவர் அக்கரைப்பற்றில் ஒரு ரேடியோக் கடையில் திருத்தக் கிடந்ததால் தப்பியது. டிஷ்ஷைத் தண்ணீர் பிடுங்கி எறிய, அது தென்னந்தோப்பில் சிக்கிக் கிடந்து கிடைத்தது. இரண்டுக்கும் பதிலாக அவர் கேட்டது ஒரு தையல் மெஷின், உசாந்தினி சட்டை தைத்துப் பிழைக்க. என்னிடம் ஒன்று சும்மா கிடந்தது. எடுங்கள் என்றேன்.

கோகிலன் ரிசீவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் இவர் மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டார்.

"என்ன காக்கா, கறியா மணந்து பாக்கிறீங்க?" என்றார் கோகிலன். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பதை அவரும் பழகியிருந்தார்.

"கடல் தண்ணி பட்டிருந்தா மணக்கும். வீடே போயிட்டு எண்டு சொல்றாய், இது மட்டும் எப்பிடித் தப்பின?"

"கடையில கிடந்தது எண்டு சொன்னன்தானே."

"அதத்தான் யோசிக்கன். அண்டைக்கெண்டு பாத்துக் கடையில கிடந்திரிக்கி."

கோகிலனின் முகம் மாறியது. நான் உள்ளேயிருந்து, "இஞ்ச பாருங்க, அந்த மனுசனப் போட்டு நோகடிக்காதீங்க" என்றேன். பிறகு இவர் வெளியே போய் டிஷ்ஷைச் சுற்றிவந்தார். ஆறடி அகலம், வெள்ளைப் பெயின்ட் அடித்த தகரத் தட்டு. நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுளகு அளவுக்குச் செம்மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. விரலால் சுரண்டினார், போகவில்லை.

"இது என்ன செவப்பு?"

"தெரியா காக்கா. முந்தியே இருந்தது. தகரம் கறள் பிடிச்சதாக்கும்."

இவர் சுரண்டின விரலை மணந்து பார்த்தார். கோகிலன் வீட்டு வளவில் இரும்புக் குழாயைச் சீமெந்து போட்டு நட்டு, அது இறுகட்டும், நாளைக்குத் திருப்பிப் பூட்டலாம் என்று சொல்லி மெஷினைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் இவர் என் காதில் கிசுகிசுத்தார்.

"லைலா, அது ரத்தம்."

நாளைக்கு என்று சொன்னவருக்காக இவர் காத்திருக்கவில்லை. அடுத்த வீட்டு மஜீட் காக்காவைக் கூட்டிவந்து மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது என்று இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. மக்கா மேற்கே இருக்கிறது. மக்காவின் படம் மக்காவில் இருந்துதான் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பள்ளிவாசலில் மக்காவை நோக்கித் தொழ நிற்கிற பக்கத்துச் சுவர், கிப்லாச் சுவர், எங்கள் வளவில் இருந்து பார்த்தால் தெரியும். மஜீட் காக்கா அந்தச் சுவரில் இருந்து நூல் பிடிக்க, இவர் தட்டை இம்மியும் பிசகாமல் கிப்லாவுக்கு நேரே நிறுத்தி, தொழ நிற்கிறவர் மாதிரி நெட்டுக்குத்தாக வைத்து போல்ட் நெட்டை முறுக்கினார். முறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மியும் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன்.

ரீவியைப் போட்டால் வெறும் புள்ளி. இரைச்சல். ரிசீவரின் இலக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் எல்லாவற்றிலும் அதே புள்ளி. உடனே ஆள் அனுப்பிக் கோகிலனைக் கூப்பிட்டார். கோகிலன் வந்து டிஷ் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

"காக்கா, இத இப்பிடி மேற்கால வெச்சா ஒண்டும் வராது. கோமாரியில இது கடலத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. கடல் பக்கம் திருப்புங்க."

இவர் நிமிர்ந்தார்.

"மக்கா எந்தப் பக்கம் தம்பி?"

"மக்கா மேற்கதான். படம் வானத்தில நிக்கிற ஒண்டில பட்டுத்தான் வருதாம். அது கடலுக்கு மேல எங்கயோ நிக்குது. எவ்வளவு சரிக்கிறது எண்டு எனக்கும் வடிவாத் தெரியா, பூட்டித் தந்த ஆள் இப்ப உயிரோட இல்ல. ஆனா கடல் பக்கம்தான், அது நிச்சயம்."

கடல் பக்கம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கிணற்றடி வரைக்கும் தண்ணீர் வந்த வீடு இது. என் மாமி மகளையும் அவள் பிள்ளைகளையும் கொண்டுபோன திசை அது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டோம். அதனால் கோகிலன் சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இவருக்கோ அடுப்பில் எண்ணெய் ஊற்றினது போல ஆயிற்று. இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று கோகிலனை அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் நடந்தபடி கணக்குப் போட்டார்.

"மக்காவுக்கு முதுகக் காட்டச் சொல்றான். கடலுக்கு முகத்தக் காட்டச் சொல்றான். கடல்ல ஆர் இரிக்கா? ராவையில ஆர்ர போட் ஓடுது? என்ட வளவுல இருந்து அவனுகளுக்கு எதையோ அனுப்பப் பாக்கான் லைலா. இல்லாட்டி ஒரு பழைய மெஷினுக்கு ஆராச்சும் இவ்வளத்தையும் தருவானா?"

"இது படம் வாங்கிற சாமான். அனுப்பிற சாமான் இல்ல" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். ஆனால் மனுசரைப் பார்த்தால் தெரியும். அத்தோடு விட்டிருந்தால் அது எங்கள் வீட்டுச் சண்டையாகவே போயிருக்கும். இவர் அதைப் பள்ளிவாசலில் சொன்னார். சந்தையில் சொன்னார். முடிவெட்டுகிற கடையில் ரத்தக் கறையையும் சேர்த்துச் சொன்னார். சொன்ன இடங்களில் யார் யார் இருந்தார்கள், யார் காதில் விழுந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரையும் சந்தேகிக்கிற மனுசன், தான் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவனை மட்டும் சந்தேகிக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் எங்கள் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மெலிந்த பெண் ஒருத்தி இறங்கினாள். தலை வாரவில்லை. ஓட்டோவுக்குள் என் தையல் மெஷின் இருந்தது.

"அக்கா, நான் கோகிலன்ட பெண்சாதி, உசாந்தினி. இந்தாங்க உங்கட மெஷின். சாமானையும் நீங்களே வெச்சிருங்க. அவர விடச் சொல்லுங்க."

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். முந்தின நாள் மாலை சந்தியில் ஜீப்பை நிறுத்தி, கடல் பக்கம் டிஷ் திருப்பச் சொன்னவன் நீயா என்று கேட்டு ஏற்றியிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஜீப் கல்முனையில் இருந்த படைக் கேம்புக்குள் போனதையும் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். உசாந்தினி வாசலுக்குப் போனதற்குக் காவலுக்கு நின்றவன் துவக்கை ஆட்டி, சுடுவேன் என்று துரத்தியிருக்கிறான்.

"டிஷ்ஷில ரத்தம் எண்டும் கேட்டவங்களாம். என்ன ரத்தம் அக்கா? ஆர் அப்பிடிச் சொன்ன?"

என் புருசன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். வெளியே வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவோடு சேர்த்து அவரைச் சுவரில் அறைந்திருப்பேன். உசாந்தினியை வளவுக்குக் கூட்டிப் போய் டிஷ்ஷைக் காட்டினேன். அவள் கறையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழுகையும்தான், சிரிப்பும்தான்.

"இது மிளகாய் அக்கா. அவர் தேங்காய்க்குப் போனதும் நான் இதுக்குள்ளதான் பழுத்த மிளகாய் காயப் போடுவன். பாய் தேவையில்ல, ஆடு கோழி எட்டாது, நல்லாச் சுடும். அவர் கண்டா ஏசுவார் எண்டு வர முந்தி அள்ளிருவன். எவ்வளவு பரத்திப் போட்டாலும் சறுக்கி வந்து இந்த இடத்திலதான் குவியும். கோமாரியில சரிச்சு வெச்சது அப்பிடி."

அவள் சொன்னது என் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. மிளகாய் வந்து குவிந்த இடம் அந்தக் கறை. அப்படியானால், மிளகாய் அந்தக் கறையில் வந்து நிற்கிற மாதிரிச் சரித்தால் கோமாரியில் நின்ற சரிவு கிடைத்துவிடும். படம் வந்தால், கோகிலன் சொன்னது படத்துக்காகத்தான் என்று ஊருக்கும் தெரியும், கேம்புக்கும் தெரியும்.

நான் சைக்கிளுக்கு வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நெட்டைக் கழற்றத் தொடங்கினேன். அப்போதுதான் இவர் ஓடிவந்தார்.

"என்ன செய்றாய்? கடல் பக்கம் திருப்பாத. இப்ப இத எவனும் கண்டா எங்களையும் கொண்டு போவான்."

"இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. என்ட வளவுல நிக்கிற டிஷ் எந்தப் பக்கம் பாக்கோணும் எண்டு நான்தான் சொல்லுவன். நீங்க வேணுமெண்டா உங்கட உம்மா வீட்ட போங்க."

இத்தனை வருசத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கிணற்றடியில் போய்க் குந்திவிட்டார்.

நானும் உசாந்தினியுமாகத் தட்டைப் பிடித்துத் தள்ளினோம். கிப்லாவைப் பார்த்தபடி நின்றது மெதுவாக முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தது. எனக்கே அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை, தட்டையே பார்த்துத் தள்ளினேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும், அவளுடைய வீடே அந்தக் கடலில் போனது. அடுப்படியில் இருந்து ஒரு சுளகு காய்ந்த செத்தல் மிளகாய் கொண்டுவந்தேன். தட்டை முதலில் நன்றாக மல்லாத்தி உள்ளே போட்டோம், மிளகாய் நடுவில் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து உசாந்தினி கையால் தட்டத் தட்ட, அது கடல் பக்க விளிம்பை நோக்கி நகர்ந்தது. கறையைத் தாண்டிப் போனால் திரும்பவும் உயர்த்தினோம். கடைசியில் சிவப்பின் மேல் சிவப்பாக வந்து குவிந்து நின்றது. சரிவு மாறாமல், பக்கவாட்டில் மட்டும் திரும்புகிற மாதிரி நெட்டை இறுக்கினேன்.

பிறகு நான் உள்ளே ரீவிக்கு முன்னால், அவள் வெளியே டிஷ்ஷோடு.

"கொஞ்சம் தெற்கால தள்ளு."

புள்ளி.

"இன்னும் கொஞ்சம்."

இரைச்சலுக்குள் கறுப்புக் கோடுகள் சாய்ந்து ஓடின. கோடுகள் நின்றன. மீன் செதிளைக் கொட்டினது போல வெள்ளைப் புள்ளிகள் மின்ன, அவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்புச் சதுரமும் அதைச் சுற்றி அசைகிற வெள்ளைக் கூட்டமும் தெரிந்தன. சத்தம் இல்லை. அந்தப் பழைய ரிசீவரில் சத்தத்தை வேறாகத் தேட வேண்டும். எனக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

"நில்லு உசாந்தினி. அப்பிடியே நில்லு" என்றேன்.

இவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. கஃபாவைப் பார்த்தார். சுபுஹானல்லாஹ் என்றார். அடுத்த நிமிசம் குனிந்து ரீவிக்குப் பின்னால் கையை விட்டு, யாராவது வீடியோக் கெசட் ஓட விடுகிறார்களா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிலத்தில் இருந்தார். சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அழுறதுக்கு நேரமில்ல. நீங்க சொல்லித்தான் புடிச்சவங்க. நீங்கதான் போய்ச் சொல்லோணும்" என்றேன்.

"போனா என்னையும் வெச்சிக்குவான் லைலா."

அது பொய்ப் பயமில்லை. அந்த வாசலுக்குப் போன சிலர் திரும்பி வரவில்லை என்று எனக்கும் தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகச் சொன்னேன். மஜீட் காக்கா வந்து படத்தைப் பார்த்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு இவரோடு கிளம்பினார்.

பின்நேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது இரண்டு பேரும் வந்துசேர்ந்தார்கள். உசாந்தினி அடுப்படி வாசலில் நின்றாள். இவருடைய முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கண்டு நானும் கோகிலன் பின்னால் வருகிறார் என்று நினைத்து ரோட்டை எட்டிப் பார்த்தேன்.

"கேம்புப் பெரியவனக் கண்டு எல்லாத்தையும் சொன்னம். படம் வந்தத்தையும் சொன்னம், மிளகாய்க் கதையையும் சொன்னம். நல்லாச் சிரிச்சான். அப்பிடி ஒராள அவங்க எடுக்கல்லயாம். அங்க இல்லயாம்."

"பிறகு?"

"பிறகு என்ன, வந்துட்டம். இல்ல எண்டு சொன்னா இல்லத்தானே. அவ்வளவு பெரிய மனுசன் பொய்யா சொல்லுவான்?"

உசாந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். கோமாரிக்காரன் உண்மையைச் சொன்னபோது நம்பாதவர், கஃபாவைக் கண்ணால் கண்டபோதும் கெசட் தேடியவர், துவக்கு வைத்திருக்கிறவன் இல்லை என்றதும் அப்படியே நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"இஞ்ச பாருங்க" என்றேன். கத்தவில்லை, கத்தினால் அழுதிருப்பேன். "சீனிய ரெண்டாந் தரம் நிறுக்கிற மனுசன் நீங்க. பூட்டின கதவ இழுத்துப் பாக்கிற மனுசன். இத மட்டும் ஏன் ஒரு தரம் கேட்டுட்டு வந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். உசாந்தினியைப் பார்த்தார். மஜீட் காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இந்தத் தரம் தனியாகப் போனார்.

நோன்பு திறக்கிற நேரமும் வந்தது. பள்ளிவாசலில் இருந்து வந்த கஞ்சியை ஊற்றி உசாந்தினிக்கு முன்னால் ஒரு கோப்பை வைத்தேன். நேற்றில் இருந்து அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, அவளும் நோன்பு மாதிரித்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் ஒரு பேரீச்சம்பழத்தோடு திறந்துவிட்டுக் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுசனைத் துரத்திவிட்டேனே, இரண்டு பேரையும் இழக்கப் போகிறோமே என்று என்னையே ஏசிக்கொண்டேன். ரீவியில் சத்தமில்லாமல் சனம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இருட்டு விழுந்த பிறகுதான் சைக்கிள் மணி கேட்டது. இவர்தான். நாக்கு வறண்டு போயிருந்தார். தண்ணீரைக் கொடுத்தேன், குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்காமலே பேசினார்.

"கேட்டன். இல்ல எண்டான். திரும்பவும் கேட்டன். ஏசினான். வாசல்லயே நிண்டன். நோன்பு திறக்கிற பாங்கு சொன்னத்துக்குப் பிறகும் நிண்டன். அப்ப ஒருத்தன் வந்து, போ போ, நாளைக்குக் காலையில வா எண்டான்."

"நாளைக்கு எண்டா?"

அவருடைய கண் சுருங்கியது. கடைக்காரனின் தராசைப் பார்க்கிறபோது சுருங்குகிற அதே மாதிரி. அந்தப் பார்வையை நான் எத்தனை நாள் சபித்திருப்பேன்.

"அதத்தான் வழி முழுக்க யோசிச்சிக்கொண்டு வந்தன். இல்லாத மனுசனுக்கு என்னத்துக்கு லைலா நாளைக்கு? அவன் பொய் சொல்றான். கோகிலன் உள்ளுக்குத்தான் இரிக்கான். நான் விடமாட்டன். நாளைக்கு நாலு பேரோட போவன், உசாந்தினியும் வரட்டும்."

உசாந்தினி தலையை நிமிர்த்தினாள். அவரை நேராகப் பார்த்தாள், அவர் சொன்னதை நிறுத்துப் பார்ப்பது போல. பிறகு கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தாள்.